சேலத்திலிருந்து முதல் நவீன ஓவியம் வாங்குபவருக்கு: சுவரிலிருந்து ரசீது வரை முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக ஓவியம் வாங்க நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் விலைதான். "என்ன விலைக்கு வரும், பத்து வருஷம் கழித்து என்ன விலைக்குப் போகும்?" சேலத்திலும் ஏற்காட்டிலும் வாங்குபவருக்கு இந்த வரிசை நஷ்டத்தில் கொண்டுபோய் விடும். முதலில் சுவர், அடுத்து கண், அதற்கடுத்து தாள்கள், பிறகு படம், கடைசியில் விலை. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் இருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டினால் அதற்கான செலவு பின்னால் வரும்.

1. வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

சேலம் வீட்டுக்குப் பிரச்சினை வெயில். மேற்குப் பார்த்த வெளிச்சுவர் ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் சூடேறி இரவு வரை ஆறாது. அதில் மாட்டிய கான்வாஸ் தினமும் விரிந்து சுருங்கும், சில வருடங்களில் வண்ணம் வெடிக்கும். இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

ஏற்காட்டில் பிரச்சினை ஓதம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் காகிதத்தில் பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊரில் இது எளிதாக நடக்கும். வார இறுதியில் மட்டும் திறக்கும் வீடு இன்னும் மோசம், ஏனென்றால் பூட்டிய அறையில் காற்றோட்டம் இல்லை. ஆள் குடியிருந்து ஜன்னல் திறந்து மூடும் பழைய எஸ்டேட் பங்களாவில் ஓவியம் பிழைக்கிறது, புதிதாகக் கட்டிப் பூட்டி வைத்த வில்லாவில் கெடுகிறது.

ஈரப்பதத்தை அளக்கும் ஒரு சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரை வாங்கி, படம் மாட்ட நினைக்கும் இடத்தில் ஒரு மாதம் வையுங்கள். முடிந்தால் அது மழை மாதமாக இருக்கட்டும். அளவு 45 முதல் 60 சதவீதத்துக்குள் நின்றால் எந்த ஓவியமும் வாங்கலாம். 65-ஐத் தாண்டித் தாண்டிப் போனால் காகித ஓவியத்தை அந்த வீட்டுக்கு வாங்காதீர்கள்.

பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவர், சமையலறைக்கு எதிர்ச்சுவர் இரண்டையும் விட்டுவிடுங்கள். சாம்பிராணி, கற்பூரம், விளக்கு, தாளிப்பு எல்லாவற்றின் புகையிலும் எண்ணெய்ப் பிசுக்கோ கரியோ கலந்திருக்கிறது. அது படிந்த தூசியைத் துடைத்து எடுக்க முடியாது.

2. கண்ணைப் பழக்குங்கள்

சேலத்தில் உட்கார்ந்து செல்போனில் மட்டும் பார்த்து வாங்குவதுதான் புதியவர் செய்யும் பெரிய தவறு. திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. வண்ணத்தின் தடிமன் தெரியாது, அளவும் தெரியாது.

சேலத்துக்குச் சென்னையை விட பெங்களூரு பக்கம். அங்கே தேசிய நவீனக் கலைக்கூடம் அரண்மனைச் சாலையில் மாணிக்யவேலு மாளிகையில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. அதைப் பார்த்துவிட்டு, ஜனவரியில் குமாரகிருபா சாலையில் நடக்கும் சித்ர சந்தைக்கும் ஒரு முறை போங்கள். கூடத்தில் பார்த்த கண்ணோடு தெருவில் விற்பதைப் பார்க்கும்போது எது கைப்பழக்கத்தில் வந்தது, எது யோசித்து வந்தது என்று பிரியத் தொடங்கும்.

சென்னையில் முதலில் போக வேண்டிய இடம் ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் தொடங்கிய ஓவியர் கிராமம் அது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். தமிழ்நாட்டில் வாங்குபவருக்கு இது முக்கியம். இந்த ஓவியர்களின் மாணவர்களும் குடும்பத்தாரும் பக்கத்திலேயே இருப்பதால், சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடைப்பார்கள்.

முதல் இரண்டு, மூன்று பயணங்களில் எதையும் வாங்காதீர்கள். திரும்பி வந்து ஒரு வாரம் கழித்தும் எந்தப் படம் நினைவில் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். அந்தப் பட்டியல் உங்கள் ரசனையைக் காட்டிவிடும். அது தெரியாமல் வாங்கினால் விற்பவரின் ரசனையைத்தான் வாங்குவீர்கள்.

3. கான்வாஸா, காகிதமா, அச்சுப் பதிப்பா?

பெரிய ஓவியரின் கான்வாஸ் கைக்கு எட்டாது என்றால், அதே ஓவியரின் காகிதக் கோட்டோவியம் எட்டலாம். கே.எம். ஆதிமூலத்தின் மசிக் கோடுகளைப் பார்த்தவருக்குத் தெரியும், காகிதம் என்பதால் அது குறைந்த படைப்பு ஆகிவிடாது. ஆனால் விலையில் எளிதான காகிதம்தான் ஈரத்தில் முதலில் கெடுகிறது. முதல் படியில் அளந்த எண்ணை இங்கே எடுத்துப் பாருங்கள். சேலம் வீட்டு உட்சுவர் என்றால் காகிதம் வாங்கலாம். பூட்டிக் கிடக்கும் ஏற்காட்டு வீடு என்றால் கான்வாஸ், அதையும் விட நல்லது உலோகச் சிற்பம்.

அச்சுப் பதிப்பு வாங்கினால் கீழ் ஓரத்தில் பென்சிலில் 12/100 போல எண்ணும் ஓவியரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். நூறு பிரதியில் பன்னிரண்டாவது என்று பொருள். செரிகிராஃப் (திரை அச்சு), எச்சிங் (அமிலத்தால் அரித்த தகட்டு அச்சு), லித்தோகிராஃப் (கல் அச்சு) இவையெல்லாம் ஓவியரின் மேற்பார்வையில் அச்சான பதிப்புகளாக இருந்தால் மறுவிற்பனைக்குச் சந்தை உண்டு. கம்ப்யூட்டர் பிரிண்டரில் கான்வாஸ் மேல் அடித்த பிரதிக்கு அப்படி இல்லை. பிடித்திருந்தால் அலங்காரத்துக்கு வாங்குங்கள், முதலீடு என்று சொல்லி விற்றால் விலகி வாருங்கள்.

4. படத்தைப் பார்க்கும் முன் தாள்களைக் கேளுங்கள்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்கினால் டச்சு (தூய்மை) பார்த்து அந்த இடத்திலேயே தரம் சொல்லிவிடலாம். ஓவியத்துக்கு அப்படி ஒரு உரைகல் இல்லை. அது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்ற தாள் சங்கிலிதான் உரைகல்.

கேட்டு வாங்க வேண்டியவை: ஓவியரின் பெயர், தலைப்பு, வரைந்த ஆண்டு, ஊடகம், உயரம் பிறகு அகலம் என்ற வரிசையில் அளவு, கையெழுத்து எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. இவை அத்தனையும் ரசீதிலேயே இருக்க வேண்டும். "ஆயில் பெயின்டிங் – 1" என்று எழுதிய பில் நாளை எதற்கும் உதவாது.

நம்பகச் சான்றிதழில் அந்தப் படத்தின் புகைப்படம் ஒட்டி, அதன் மேல் ஓரம் படும்படி முத்திரையோ கையெழுத்தோ இருக்க வேண்டும். புகைப்படம் இல்லாத சான்றிதழை எந்தப் படத்தோடும் சேர்த்துவிடலாம். சான்றிதழ் தருபவர் யார் என்பதும் முக்கியம். ஓவியர், அவர் வாரிசுகள், அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை, அவரை நீண்ட காலம் காட்சிப்படுத்திய கேலரி ஆகியோர் தந்தால் மதிப்பு உண்டு. விற்பவரே அச்சடித்துத் தருவது வெறும் வாக்குறுதி.

இதில் கறாராக இருக்கக் காரணம் உண்டு. 2009-ல் டெல்லியில் ஓவியர் எஸ்.எச். ரஸா தன் பெயரில் நடந்த கண்காட்சிக்கே வந்து, மாட்டியிருந்தவற்றில் பலவும் போலி என்று கண்டார். 2011-ல் கொல்கத்தாவில் ரவீந்திரநாத் தாகூர் வரைந்தவை என்று காட்சிக்கு வைத்த ஓவியங்கள் போலி என்று தெரிந்தது. இவ்வளவு பேர் பார்க்கும் இடத்திலேயே இது நடக்கிறது என்றால், தெரிந்தவரின் தெரிந்தவர் வீட்டுப் பரணிலிருந்து வரும் ஜாமினி ராய் ஓவியத்தை எத்தனை சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று யோசியுங்கள்.

பெரிய பெயர், சிறிய விலை, அவசரம் மூன்றும் ஒன்றாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

5. படத்தை நேரில் சோதிப்பது

எடுத்துப் போக வேண்டியவை: நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், ஒரு டார்ச், ஒரு புற ஊதா டார்ச், அளவு டேப். படத்தைத் தொடாதீர்கள். கழற்றிக் காட்டவும் திருப்பிக் காட்டவும் விற்பவரையே கேளுங்கள்.

முதலில் லென்ஸ். வண்ணப் புள்ளிகள் சிறு பூ வட்டங்களாக அடுக்கியிருந்தால் அது ஆஃப்செட் அச்சு. ஒழுங்கில்லாமல் பொடிப்பொடியாகத் தெளித்ததுபோல இருந்தால் இங்க்ஜெட். அச்சின் மேல் நிறமற்ற பசையைத் தூரிகையால் பூசி ஓவியம்போல் ஆக்குவதும் நடக்கிறது. அதில் மேடாகத் தெரியும் தூரிகைத் தடம் ஒரு பக்கம் போகும், கீழே வண்ணம் மாறும் எல்லை வேறு பக்கம் போகும். நிஜ ஓவியத்தில் தடம் முடியும் இடத்தில்தான் வண்ணமும் முடியும். இதை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு ஏமாற மாட்டீர்கள்.

அடுத்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வெளிச்சம் படத்தை உரசிப் போகும்படி காட்டுங்கள். பிதுக்கம், ஒட்டுப்போட்ட கிழிசல், உதிரப்போகும் வண்ணம் எல்லாம் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். கையெழுத்தை லென்ஸில் பாருங்கள். வண்ணம் வெடித்த பிளவுக்குள் கையெழுத்தின் மை இறங்கியிருந்தால், படம் பழசாகி வெடித்த பிறகு போட்ட கையெழுத்து அது.

முதுகுப்புறம்தான் அதிகம் சொல்லும். அறுபதுகளின் கான்வாஸ் என்றால் பின்னால் பழுத்திருக்கும், ஆணி துருப்பிடித்திருக்கும். மரக்கட்டைக்கு அடியில் மறைந்த பகுதி மட்டும் வெளுப்பாக இருக்கும். கட்டைக்கு அடியிலும் வெளியிலும் ஒரே பழுப்பு என்றால், தேநீரிலோ சாயத்திலோ நனைத்துப் பழசாக்கியிருக்கலாம்.

புற ஊதா டார்ச்சை இருட்டறையில் காட்டுங்கள். பிற்காலத்தில் திருத்திப் பூசிய இடங்கள் கருமையாகத் தெரியும். வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்த காகிதம் நீல வெள்ளையாக ஒளிரும். அப்படிப்பட்ட காகிதம் பரவலானது 1950-களில்தான். ஆகவே முப்பதுகளில் வரைந்தது என்று சொல்லும் காகிதம் பளீரென்று ஒளிர்ந்தால் வாங்காதீர்கள்.

இந்தச் சோதனைகளில் தேறினால் அசல் என்று அர்த்தமில்லை. தவறினால் போலி என்று சொல்லத்தான் இவை உதவும். லட்சக்கணக்கில் போடும்போது ஓவியங்களைப் பழுதுபார்க்கும் வல்லுநர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

6. இப்போது விலை

பத்திரிகையில் வரும் சாதனை விலைகளை மறந்துவிடுங்கள். எம்.எஃப். ஹுசைனின் 'கிராம யாத்ரா' 2025 மார்ச்சில் நியூயார்க்கில் 1.37 கோடி டாலரைத் தாண்டியது. அம்ரிதா ஷெர்கில்லின் 'தி ஸ்டோரி டெல்லர்' 2023-ல் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. இந்த எண்கள் அந்த இரண்டு படங்களைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. அதே ஹுசைன் காகிதத்தில் அவசரமாகப் போட்ட குதிரையின் விலையை இவற்றிலிருந்து கணக்கிட முடியாது.

ஏல நிறுவனங்கள் பழைய முடிவுகளைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. சாஃப்ரன்ஆர்ட், அஸ்தகுரு, புண்டோல் போன்றவற்றில் ஓவியர் பெயரைப் போட்டு, அதே ஊடகம், அதே பத்தாண்டு, ஏறத்தாழ அதே அளவு என மூன்றும் பொருந்தும் ஐந்தாறு விற்பனைகளை எடுங்கள். உச்ச விலையையும் அடிமட்ட விலையையும் நீக்கிவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள். விற்காமல் திரும்பிய படைப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள், அவை சந்தையின் மறுப்பைச் சொல்லும்.

ஏலத்துக்கே வராத இளம் ஓவியர்களுக்கு இந்த வழி இல்லை. அங்கே பல கேலரிகள் சதுர அங்குலக் கணக்கில் விலை வைக்கின்றன. அதே ஓவியரின் வேறு அளவுப் படங்கள் இரண்டின் விலையைக் கேட்டு, பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இளம் ஓவியரின் படத்தை லாபம் எதிர்பார்த்து வாங்காதீர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மறுவிற்பனைச் சந்தை இன்னும் உருவாகவில்லை. தினமும் பார்க்க ஆசைப்படும் படமாக இருந்தால் அந்த விலை நியாயம்தான், ஓவியர் அடுத்த படத்தை வரையவும் அது உதவும்.

7. ஏலத்தில் எடுப்பதானால்

பட்டியலில் போட்டிருக்கும் மதிப்பீடு நீங்கள் கட்டும் தொகை அல்ல. சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் பிரீமியம் (ஏல நிறுவனத்தின் கட்டணம்) உண்டு. 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,00,000 ரூபாய்க்கு எடுத்த படத்துக்குப் பிரீமியம் 20,000. விலைக்கு 5% ஜி.எஸ்.டி. என்றால் 5,000, பிரீமியத்துக்கு 18% என்றால் 3,600. ஆக மொத்தம் 1,28,600. பேக்கிங், அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் தனி. விற்பவரைப் பொறுத்தும் ஏல விதியைப் பொறுத்தும் வரி மாறலாம் என்பதால், முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கையில் இருப்பது 1,28,000 என்றால் நீங்கள் ஏலத்தில் போகக்கூடிய எல்லை ஒரு லட்சத்துக்கும் கீழே. அதை எழுதி வைத்து அதோடு நில்லுங்கள். பல இணைய ஏலங்களில் கடைசி நிமிடங்களில் யாராவது கூடுதல் விலை கேட்டால் நேரம் நீளும். அந்த நீட்டிப்பில்தான் ஆட்கள் எல்லையைத் தாண்டுகிறார்கள்.

படத்தின் நிலை அறிக்கையை ஏலத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். ஏலத்தில் "உள்ளது உள்ளபடி" விற்பார்கள், பிறகு பூசணத்தைக் காட்டித் திருப்ப முடியாது.

8. பணமும் சட்டமும்

பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் எண்ணும் தர வேண்டும். வங்கிப் பதிவு இல்லாத படம் தாள் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்த படம். ஓவியங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பழைய விகிதத்தில் பில் போட்டால் கேளுங்கள்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், பிற்பாடு அவர்களிடம் போகட்டும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், தாகூர் குடும்பத்து மூவர், சைலோஸ் முகர்ஜி, நிக்கோலஸ் ரோரிக் ஆகிய ஒன்பது பேரின் படைப்புகள் தேசியக் கலைச் செல்வங்கள். இந்தியாவுக்குள் வாங்கலாம், விற்கலாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நூறு வயது தாண்டிய ஓவியங்களுக்கும் இதே தடை.

படம் உங்களுடையது, அதன் பதிப்புரிமை ஓவியருடையது. எழுத்தில் அனுமதி இல்லாமல் கல்யாணப் பத்திரிகையிலோ கடைக் காலண்டரிலோ அச்சிடாதீர்கள்.

9. சேலத்துக்குக் கொண்டுவருவது

பபிள் ராப்பை நேராக வண்ணத்தின் மேல் சுற்றாதீர்கள். அக்ரிலிக் வண்ணம் சூட்டில் இளகும். மே மாதத்தில் காரின் டிக்கியில் சில மணி நேரம் இருந்தால் குமிழிகளின் வட்டம் வட்டமான தடம் படத்தில் பதிந்துவிடும், அது போகாது. முதலில் கிளாசின் காகிதம் (வழுவழுப்பான மெல்லிய தாள்), மூலைகளுக்கு அட்டை, அதன் மேல் பபிள் ராப், வெளியே இரு பக்கமும் விறைப்பான அட்டையோ ஒட்டுப்பலகையோ. படுக்க வைக்காமல் நிமிர்த்திக் கொண்டுவாருங்கள்.

பெரிய கான்வாஸைச் சுருட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, குறைந்தது ஆறு அங்குல விட்டமுள்ள குழாயில் சுற்றுங்கள். உட்பக்கமாகச் சுற்றினால் வண்ணம் நெருக்குண்டு மடிந்து உதிரும். தடித்துப் பூசிய படத்தைச் சுருட்டவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே அறையில் விட்டு, வெப்பமும் ஈரமும் சமமான பிறகு பிரியுங்கள். ஏற்காட்டுக்கு ஏற்றும்போது இது கட்டாயம். அதே காரணத்தால், சீசனில் மலைமேல், மற்ற நாளில் கீழே என்று படத்தை மாற்றி மாற்றி எடுத்துப் போகும் பழக்கமும் வேண்டாம்.

10. ஃபிரேம்

நல்ல காகித ஓவியங்கள் அதிகம் சாவது ஃபிரேம் கடையில்தான். சாமிப் படத்துக்குச் செய்வதையே இதற்கும் செய்துவிடுவார்கள்: ஃபெவிகால் தடவி ஹார்ட்போர்டில் ஒட்டி, லேமினேஷன் செய்து, கண்ணாடியை மேலே அழுத்தி மூடுவது. ஒட்டிய காகிதத்தைப் பிரிக்க முடியாது. லேமினேஷன் செய்த நிமிடமே மறுவிற்பனை மதிப்பு போய்விடும். படத்தைக் கடையில் விட்டுவிட்டு வராமல், கூடவே நின்று சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை). காகிதத்தின் மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியக் காகிதக் கீலும் கோதுமை ஸ்டார்ச் பசையும், செலோ டேப் கூடவே கூடாது. கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே மவுண்ட் தடிமன் அளவாவது இடைவெளி, இல்லையென்றால் ஈரத்தில் காகிதம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தாள் கிடைத்தால் அதைப் போடுங்கள். பின்னால் சாதாரண ஒட்டுப்பலகை வேண்டாம், கரையானுக்கு அதுதான் வாசல்.

மவுண்ட் போர்டு சேலத்தில் கிடைக்காவிட்டால் சென்னையிலோ பெங்களூரிலோ வாங்கி வந்து, வேலையை மட்டும் உள்ளூர்க் கடையில் கொடுக்கலாம்.

11. மாட்டிய பிறகு

ஃபிரேமின் கீழ் மூலைகளில் ரப்பர் பொத்தான் ஒட்டிச் சுவரிலிருந்து சற்று விலக்குங்கள், காற்று போய்வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இறக்கி முதுகைப் பாருங்கள். ராமபாணப் பூச்சி, கரையான் மண், பூசண வாசனை எல்லாம் முதலில் அங்கேதான் தெரியும்.

தூசிக்கு மென்மையான உலர்ந்த பிரஷ் போதும். ஈரத் துணி, உருளைக்கிழங்கு, வெங்காயம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வீட்டு இன்சூரன்ஸில் ஓவியம் தானாக அடங்கியிருக்கும் என்று நம்பாதீர்கள். படத்தைத் தனியாகப் பெயர் சொல்லி, ஒப்புக்கொண்ட மதிப்போடு சேர்க்கச் சொல்லுங்கள். ரசீது, சான்றிதழ், முன்னும் பின்னும் எடுத்த புகைப்படம் எல்லாவற்றையும் படம் இருக்கும் வீட்டில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

12. விற்க நேர்ந்தால்

வீட்டு உபயோகப் பொருள் என்று சொல்லி வரியிலிருந்து தப்ப முடியாது. ஓவியம், கோட்டோவியம், சிற்பம் மூன்றும் மூலதனச் சொத்துகள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5% நீண்டகால மூலதன ஆதாய வரி. அதற்கு முன் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேரும். வாங்கிய ரசீது இல்லாவிட்டால் லாபம் எவ்வளவு என்று நிரூபிக்கவே சிரமப்படுவீர்கள்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ அதில் பங்கு கேட்க உரிமை உண்டு. அதிகபட்சம் 10 சதவீதம். நடைமுறையில் பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை. நீங்கள் கொடுங்கள். ஓவியரின் வீட்டுக்கு அந்தப் பணம் போகும்போது, படம் இப்போது யாரிடம் போகிறது என்ற தகவலும் அவர்கள் ஏட்டில் ஏறிவிடும்.